பிக்கப்பில் பிக்கப் இல்லை: பாம்பன் பாலத்தில் மூச்சுத் திணறும் பழைய டீசல் வண்டி

ஐஸ்பெட்டி | ஜூலை 6, இரவு 9:40

வணக்கம் அண்ணன்மாரே. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 2009 மாடல் டீசல் பிக்கப். இரண்டரை லிட்டர் இன்ஜின். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது, இன்ஜினுக்கு டீசல் தள்ளுவது பழைய ரோட்டரி பம்ப். கம்பெனி பெயர் வேண்டாம். பதினாறு வருஷம் உப்புக்காற்றில் மீன் சுமந்த வண்டிக்குக் கம்பெனியைக் குறை சொல்லி என்ன செய்ய? ராமேஸ்வரம் ஜெட்டியில் மீனும் ஐஸும் ஏற்றி ராமநாதபுரம் போவேன், அனேக நாள் பரமக்குடி வரைக்கும்.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வண்டி வாசல் வேப்பமரத்தடியில் நின்றது. ஜூன் 15க்கு அப்புறம் எடுத்ததிலிருந்து இந்த வியாதி. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று இழுவை குறையும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் இன்ஜின் குலுங்குமே தவிர ஏறாது. அப்புறம் அணைந்துவிடும். பத்து நிமிஷம் ஓரங்கட்டி நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகி ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். இன்று காலை பாம்பன் பாலத்தின் நடு மேட்டிலேயே நின்றுவிட்டது. பின்னால் டூரிஸ்ட் வண்டிகள் வரிசை கட்டின. அவர்கள் இறங்கி ரயில் பாலத்தை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், எனக்குப் பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

இதுவரை டீசல் ஃபில்டர் இரண்டு தடவை, ஏர் ஃபில்டர், பேட்டரி எல்லாம் மாற்றியாகிவிட்டது. மெக்கானிக் மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். அவர் ஓட்டினால் மட்டும் குதிரை மாதிரி போகிறது. பம்பை இறக்கி சர்வீஸ் போட்டால் சரியாகும், 18,000 ஆகும் என்கிறார். போடலாமா?

கமுதிக்கரி | ஜூலை 6, இரவு 10:15

பம்பில் கை வைக்காதீர்கள் அண்ணே. நான் கமுதிப் பக்கமிருந்து கரி மூட்டை ஏற்றுகிறவன். என் வண்டியும் இதே மாதிரி நின்று நின்று போனது. பம்ப் தலையில் சொலினாய்டு ஒன்று இருக்கும். சாவி போட்டால் அதற்குக் கரண்ட் போய் 'டிக்' என்று திறக்கும், டீசல் இறங்கும். கரண்ட் விட்டால் டீசல் கட். எனக்கு அந்த ஒயர் முனையில் பச்சைப் பாசி மாதிரி துரு பிடித்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முனையை மாற்றினேன், 40 ரூபாய் செலவு. உங்களுக்கும் அதுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பனைவெல்லம் | ஜூலை 6, இரவு 10:50

தம்பி, 61 நாள் நிறுத்தும்போது டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது? எங்கள் சாயல்குடி வண்டியைப் பாதி டேங்கோடு மழைக்காலத்தில் நிறுத்திவைத்தோம். உள்ளே இருந்த காற்றின் ஈரம் தகரத்தில் வியர்த்து, தண்ணீராக அடியில் சேர்ந்துவிட்டது. டீசலும் தண்ணீரும் சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு கொழகொழப்பு வளரும், அது ஃபில்டரை அடைக்கும். ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள்.

ஐஸ்பெட்டி | ஜூலை 7, காலை 7:05

அக்கா, நீங்கள் சொன்னபடி பிடித்துப் பார்த்தேன். டம்ளர் அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் நின்றது, கொஞ்சம் கறுப்புத் தூசியும் இருந்தது. அதுதான் காரணம் என்று சந்தோஷப்பட்டு ஒரு சுற்று போய்வந்தேன். காலி வண்டி, நன்றாகப் போனது. நாளை லோடு இருக்கிறது, பார்க்கலாம்.

பம்ப்பெஞ்ச் | ஜூலை 7, காலை 11:30

தொண்டியில் முப்பது வருஷம் டீசல் பம்ப் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆளாளுக்குத் தன் வண்டிக்கு வந்த நோயை உங்கள் வண்டிக்கு எழுதிக்கொடுக்கிறார்கள். தப்பில்லை, ஆனால் வந்து வந்து போகிற கோளாறைப் பாகம் மாற்றிக் கண்டுபிடிக்க முடியாது. எதை மாற்றினாலும் இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடும், மாற்றாவிட்டாலும் அந்த இரண்டு நாள் ஓடியிருக்கும். வேலை செய்யாத அந்த ஐந்து நிமிஷத்தில் பிடிக்க வேண்டும்.

நான் கேட்பதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

அணைந்தது எப்படி? சாவியைத் திருப்பி அணைத்தது மாதிரி சட்டென்றா, கொஞ்சம் கொஞ்சமாகத் திணறியா? நின்றபின் செல்ப் அடித்தால் சைலன்சரில் புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம்? வண்டி கிளம்பி எவ்வளவு நேரத்தில் வருகிறது? லோடு இருந்ததா? கடைசியாக, அந்தப் பத்து நிமிஷம் நீங்கள் என்ன செய்தீர்கள்? சும்மா நின்றீர்களா?

ஐஸ்பெட்டி | ஜூலை 7, மாலை 6:20

ஐயா, பதில்கள். திணறித் திணறித்தான் நிற்கிறது. சட்டென்று ஒரு தடவைகூட இல்லை. செல்ப் அடித்தால் புகையே வருவதில்லை. ஜெட்டியிலிருந்து கிளம்பிப் பாலத்துக்கு 12 கி.மீ. இருக்குமா? அதற்குள்ளேயே வந்திருக்கிறது. உச்சிப்புளி தாண்டியும் வந்திருக்கிறது. எல்லாம் லோடோடுதான். திரும்பி வரும்போது ஒரே ஒரு தடவை.

அந்தப் பத்து நிமிஷம் நான் போனில் மீன் கம்பெனிக்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். கிளீனர் பையன் பானெட்டைத் திறந்து ஃபில்டர் மேலே இருக்கும் ஹேண்ட் பம்பை அடிப்பான். அது அவன் வழக்கம்.

பம்ப்பெஞ்ச் | ஜூலை 7, மாலை 6:45

அதைத்தானே ஐயா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! 'பத்து நிமிஷம் நின்றால் தானாகச் சரியாகிறது' என்பதும் 'பத்து நிமிஷம் பையன் பம்ப் அடித்தால் சரியாகிறது' என்பதும் ஒன்றா?

அடிக்கும்போது முதலில் தொளதொளவென்று இருந்து அப்புறம் கை கனக்கிறதா என்று பையனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

ஐஸ்பெட்டி | ஜூலை 7, இரவு 8:10

கேட்டேன். "நாற்பது ஐம்பது அடி காற்றாத்தான் போகும்ணே, அப்புறம்தான் டீசல் ஏறும்" என்கிறான். இதை ஏன்டா என்னிடம் சொல்லவில்லை என்றால், "நீங்க கேக்கலையே" என்கிறான்.

கீழக்கரை காக்கா | ஜூலை 7, இரவு 9:30

தம்பி, டேங்க் மூடியைப் பாருங்க. மூடியில் காற்று நுழைய ஒரு சின்னத் துளை இருக்கும். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போகணும். துளை அடைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. நம்ம ஊர்க் காற்றில் மணலும் உப்பும் கலந்து சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். என் வண்டி ஏர்வாடி ரோட்டில் மூன்று மாதம் எனக்குக் காட்டிய வேடிக்கை அது. அடுத்து நிற்கும்போது மூடியை மெல்லத் திறங்க, 'உஸ்' என்று சத்தம் வந்தால் அதுதான்.

பம்ப்பெஞ்ச் | ஜூலை 7, இரவு 10:00

காக்கா சொல்வது நியாயமான சோதனை, காசும் இல்லை. செய்யுங்கள். கரிக்காரத் தம்பி சொன்ன சொலினாய்டையும் ஒதுக்கவேண்டாம், ஆனால் கரண்ட் போனால் வண்டி திணறாது, பட்டென்று நிற்கும். அதையும் வாயால் சொல்லி முடிக்காமல் கண்ணால் பார்த்துவிடலாம். சொலினாய்டு ஒயரிலிருந்து ஒரு கிளை ஒயர் இழுத்து, ஃபியூஸ் போட்டு, டேஷ்போர்டு மேலே ஒரு சின்ன 12 வோல்ட் பல்பைத் தொங்கவிடுங்கள். வண்டி நிற்கும் நேரத்தில் பல்பு எரிந்துகொண்டே இருந்தால் கரண்ட் வழக்கு தள்ளுபடி.

சூடு வழக்கு ஏற்கெனவே பாதி தள்ளுபடி. 12 கி.மீ.க்குள் காலைக் குளிரிலேயே நிற்கிற வண்டிக்குச் சூடேறி நின்றது என்று சொல்ல முடியாது.

என் சந்தேகம் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில். இந்த வண்டியில் டேங்க் சேஸிஸில் கீழே இருக்கிறது, பம்ப் மேலே இருக்கிறது. டீசலை உறிஞ்சித்தான் எடுக்கவேண்டும். உறிஞ்சுகிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். ஸ்ட்ராவில் ஊசி ஓட்டை விழுந்தால் ஜூஸ் சிந்துகிறதா? வாய்க்குக் காற்றுதான் வரும்.

நாட்டுப்படகு | ஜூலை 8, அதிகாலை 4:15

கடலுக்குப் போகும் முன்னாடி படித்தேன். மாப்ளே, இது எங்களுக்குப் பழகிய கதை. வள்ளத்து இன்ஜினில் ஏர் பிடித்தால் கரையில் இல்லை, நடுக்கடலில்தான் பிடிக்கும். ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகிற ஓஸைக் கழற்றிவிட்டு ஒரு முழம் கண்ணாடி ஓஸ் மாட்டிப் பாருங்கள். நல்ல டீசல் வந்தால் ஓஸ் காலியாக இருக்கிற மாதிரியே தெரியும், அசைவே இருக்காது. காற்று வந்தால் சோடா பாட்டில் மாதிரி முட்டை முட்டையாக ஓடும்.

இன்னொன்று. நின்ற நாளெல்லாம் டேங்க் முள் எங்கே இருந்தது? எங்களுக்கு டேங்க் நிரம்பியிருந்தால் வராது. அடிமட்டத்துக்கு இறங்கினால்தான் வரும்.

ஐஸ்பெட்டி | ஜூலை 8, இரவு 8:55

அண்ணே, அந்தக் கடைசிக் கேள்விக்கு உங்களுக்கு ஒரு கிலோ நண்டு கடன்.

விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் இறங்குகிறது. அதனால் எனக்குச் செவ்வாய், வியாழன், ஞாயிறு லோடு. செவ்வாய் காலை டேங்கை நிரப்பிவிட்டால் வாரம் முழுக்க அதுதான். டீசல் சீட்டையும் மொபைலில் கம்பெனிக்காரருக்கு 'வண்டி நின்றுவிட்டது' என்று அனுப்பிய மெசேஜையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஜூன் 22 ஞாயிறு. ஜூன் 29 ஞாயிறு. ஜூலை 3 வியாழன், பரமக்குடியிலிருந்து திரும்பும்போது. ஜூலை 6 ஞாயிறு. ஒரு செவ்வாய்கூட இல்லை! இன்று செவ்வாய், நிறைந்த டேங்க், முழு லோடு, பாலத்தில் மூன்றாவது கியரில் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியது.

மெக்கானிக்கிடம் வண்டியை விட்டதெல்லாம் திங்கட்கிழமை. முந்தின நாள் தொந்தரவு கொடுத்தது என்ற கோபத்தில், 'அவர் ஓட்டிப் பார்க்கட்டும்' என்று நானே டீசல் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். மீன் இல்லை, ஐஸ் இல்லை, டேங்கும் பாதிக்கு மேலே. அவர்மேல் என்ன தப்பு?

கமுதிக்கரி | ஜூலை 8, இரவு 9:20

இருந்தாலும் பல்பைத் தொங்கவிடுங்கள் அண்ணே. எனக்குத் தூக்கம் வராது.

ஐஸ்பெட்டி | ஜூலை 13, மதியம் 2:30

இன்று ஞாயிறு. பல்பு, கண்ணாடி ஓஸ் இரண்டும் மாட்டித்தான் போனேன். முள் கால்வாசிக்கும் கீழே. வழியில் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டு ஜெட்டியை விட்டுக் கிளம்பியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. பாலத்தில் நின்றால் கஷ்டம் என்று பாம்பனுக்கு இந்தப் பக்கமே ஓரங்கட்டிப் பார்த்துக்கொண்டேன். பானெட்டைத் திறந்தால் ஓஸில் கடுகு கடுகாகக் குமிழி. பையன் ஐம்பது அடி பம்ப் அடித்தான், பாலத்தைத் தாண்டிவிட்டோம். மண்டபம் முகாம் தாண்டியதும் திணற ஆரம்பித்தது. அணைகிற கடைசி விநாடி வரைக்கும் பல்பு எரிந்துகொண்டே இருந்தது. மன்னிக்கவும் கரிக்காரரே.

இறங்கி ஓடிப்போய் டேங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்' சத்தம் இல்லை. ஓஸில் பாதிக்கு மேல் காற்று, டீசல் அடியில் ஒரு கோடு மாதிரி கிடந்தது. ஐயா சொல்லாமலேயே இன்னொன்றும் செய்தேன். பையனை ஹேண்ட் பம்பில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டு 25 நிமிஷம் சும்மா நின்றோம். செல்ப் அடித்தால் ஆகவில்லை. நாற்பது அடி அடித்ததும் வெள்ளைப் புகை தள்ளி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

பம்ப்பெஞ்ச் | ஜூலை 13, மாலை 4:00

இனி வழக்கை இரண்டாக வெட்டவேண்டும். ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் எடுத்து, டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் பைப்பைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேரே ஃபில்டருக்கு ஓஸ் கொடுங்கள். பம்பிலிருந்து திரும்புகிற ரிட்டர்ன் ஓஸையும் அதே கேனில் போடவேண்டும். அதை மறந்தால் கேன் டீசல் எல்லாம் டேங்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும், 'கேனிலும் நிற்கிறதே' என்று எனக்குப் போன் வரும். கேன் சைலன்சர் பக்கம் போகக்கூடாது, கேபினுக்குள் இறுகக் கட்டி வையுங்கள். பீடி சிகரெட் கூடாது. பாலத்தில் வேண்டாம், ஆள் இல்லாத ரோடாகப் பாருங்கள்.

கேனில் ஓடும்போதும் குமிழி வந்தால் ஃபில்டர் தலை, செம்பு வாசர், ஹேண்ட் பம்ப் பக்கம் தேடவேண்டும். வராவிட்டால் குற்றவாளி டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில் இருக்கிறான்.

ஐஸ்பெட்டி | ஜூலை 14, மாலை 5:50

கேனில் போட்டுக் கடலோர ரோட்டில் 20 கி.மீ. ஓட்டினேன். வேண்டுமென்றே உப்பு மூட்டை எட்டு ஏற்றிக்கொண்டேன். ஓஸில் ஒரு குமிழிகூட இல்லை.

அப்புறம் வண்டிக்கடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன். டேங்கிலிருந்து முன்பக்கம் போகிற இரும்புப் பைப் சேஸிஸை ஒட்டி நான்கு கிளிப்பில் போகிறது. ஒவ்வொரு கிளிப்புக்குள்ளும் ஒரு ரப்பர் சுற்று. மூன்று கிளிப்பின் மேலே காய்ந்த செம்மண் புழுதி. பெட்டியின் தண்ணீர்த் துளைக்கு நேர் கீழே இருக்கும் இரண்டாவது கிளிப்பில் மட்டும் புழுதி கறுப்பாக, பசையாக ஒட்டியிருந்தது. ஐஸ் தண்ணீர்தான் சொட்டுகிறது என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறேன். விரலில் எடுத்து மோந்து பார்த்தால் மீன் நாற்றத்துக்குள்ளே டீசல் வாடை.

கிளிப்பைக் கழற்றி ரப்பரைப் பிரித்தேன். உள்ளே ரப்பர் உப்புத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி குடித்து வைத்திருந்தது. வெளியே பளபளவென்று இருந்த பைப் ரப்பருக்குள்ளே மட்டும் பொரிந்துபோயிருந்தது. நகத்தால் சுரண்டினேன், துரு செதில் செதிலாக உதிர்ந்தது, ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. பையன் எட்டிப் பார்த்துவிட்டு "இதுக்காண்ணே பதினெட்டாயிரம்?" என்றான்.

நாட்டுப்படகு | ஜூலை 14, மாலை 6:10

டேங்க் நிறைந்திருந்தபோது டீசல் மட்டம் அந்தத் துளைக்கு மேலே இருந்திருக்கும், அதனால் காற்று நுழையவில்லை, கொஞ்சம் கசிந்திருக்கும். கறுப்புப் புழுதி அதுதான். மட்டம் இறங்கியதும் உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது. லோடோடு மேடு ஏறும்போது இன்ஜின் அதிகமாக இழுக்கும், காற்றும் அதிகமாகப் போகும்.

இப்போதைக்கு ஓட்டணும் என்றால் பார் சோப்பை நன்றாகப் பிசைந்து துளையில் அப்பி, மேலே துணி சுற்றிக் கட்டுங்கள். டீசலுக்கு சோப்பு கரையாது.

கீழக்கரை காக்கா | ஜூலை 14, இரவு 7:40

அந்தக் கண்ணாடி ஓஸையே டேங்க் வரைக்கும் இழுத்துவிட்டால் என்ன? துருவே பிடிக்காதே.

பம்ப்பெஞ்ச் | ஜூலை 14, இரவு 8:00

வேண்டாம் காக்கா. அது சோதனைக்கு மட்டும்தான். டீசல் பட்டுப் பட்டு அந்த ஓஸ் மஞ்சளாகி, விறைத்து, வெடிக்கும். அப்புறம் இதே கதையை வேறு இடத்திலிருந்து தொடங்கவேண்டும். புது இரும்புப் பைப் வளைத்துப் போடுங்கள். இல்லையென்றால் கெட்ட பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, டீசலுக்கென்றே விற்கிற ரப்பர் ஓஸ் போட்டு, இரண்டு முனையிலும் நல்ல கிளிப் முடுக்குங்கள். தண்ணீர்க் குழாய் ஓஸ் கூடாது. ரிட்டர்ன் பைப்பும் அதே கிளிப்புகளுக்குள்தான் போகிறது, அதையும் பிரித்துப் பாருங்கள். சோப்பு வீடு வந்து சேர மட்டும்.

பனைவெல்லம் | ஜூலை 14, இரவு 8:35

லோடு இறக்கியதும் வண்டிக்கடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவினால் இவ்வளவு தூரம் வந்திருக்காதே தம்பி?

ஐஸ்பெட்டி | ஜூலை 14, இரவு 9:00

அக்கா, குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம். வண்டிக்கு நல்ல தண்ணீர் அடித்தால் வீட்டில் என்னை வெளியே நிறுத்திவிடுவார்கள். போர் தண்ணீரும் உவர். அதில் கழுவுவதும் ஒன்று, கழுவாமல் விடுவதும் ஒன்று.

ஐஸ்பெட்டி | ஜூலை 20, மாலை 4:40

ஞாயிற்றுக்கிழமை அறிக்கை. ராமநாதபுரத்தில் புது இரும்புப் பைப் வளைத்துப் போட்டாயிற்று, கூலியோடு 1,350 ரூபாய். ஐயா சொன்ன மாதிரி ரிட்டர்ன் பைப்பைப் பிரித்துப் பார்த்தேன். அதே இரண்டாவது கிளிப்புக்குள் அதுவும் பாதி அரித்திருந்தது, இன்னும் ஓட்டை விழவில்லை. அதையும் மாற்றிவிட்டேன். பெட்டியின் தண்ணீர்த் துளைக்கு இரண்டு அடி ரப்பர்க் குழாய் மாட்டி, சொட்டுத் தண்ணீர் சேஸிஸில் படாமல் சக்கரத்துக்குப் பின்னால் விழும்படி திருப்பிவிட்டேன். கிளிப்புகளின் பழைய ரப்பரைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது ரப்பர் வைத்து உள்ளே கிரீஸ் பூசியிருக்கிறேன்.

இன்று முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, முழு லோடு, எதிர்க்காற்று. பாலத்து மேட்டில் ஒரு குலுங்கல் இல்லை. கண்ணாடி ஓஸைக் கழற்றிவிட்டேன். பல்பை மட்டும் கழற்றவில்லை, கரிக்காரருக்குத் தூக்கம் வரட்டும்.

கமுதிக்கரி | ஜூலை 20, மாலை 5:15

கிண்டல் இருக்கட்டும் அண்ணே. நேற்று என் வண்டிக்கடியில் நானும் படுத்துப் பார்த்தேன். கரித்தூளும் மழைத் தண்ணீரும் சேர்ந்து கிளிப்புக்குள்ளே களி மாதிரி கிடக்கிறது. மூன்றாவது கிளிப் கழற்ற வரமாட்டேன் என்கிறது, திருகுத் தலை கையோடு வந்துவிட்டது. பைப் முறியாமல் எப்படி எடுப்பது ஐயா?

பம்ப்பெஞ்ச் | ஜூலை 20, மாலை 5:30

திருப்பாதீர்கள். இன்று இரவு துரு எண்ணெய் ஊற்றி ஊறவிடுங்கள். காலையில் பைப்புக்கும் கிளிப்புக்கும் நடுவில் ஒரு தகரத் துண்டைச் சொருகிவிட்டு, கிளிப்பை ரம்பத்தால் அறுத்து எடுங்கள். கிளிப் பத்து ரூபாய். போகட்டும்.